பழைய எட்டு லட்சம்

நம் புரோக்கர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். சரி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது, நிற்காதே என்கிறார் டாக்டர். உட்கார்ந்தால் மனசு எழுந்து நடக்கிறது. இதைப் பாதி சமையல்கட்டில் நின்றுகொண்டும் மீதி மொட்டை மாடியில் நடந்துகொண்டும் எழுதினேன். கோர்வையாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிக் கதை எழுதுங்கள் என்று உங்களில் ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார். வீட்டு புரோக்கருக்கு என்ன வெற்றிக் கதை? கேம்ப் ரோட்டில் ஆரம்பித்து, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் வரைக்கும் ஸ்கூட்டியில் வீடு காட்டினேன். மூன்று ஸ்கூட்டி தேய்ந்தது, பிறகு நான் தேய்ந்தேன், நிறுத்திவிட்டேன். நீங்கள் வீட்டை வீடியோ எடுத்துப் போடுகிறீர்கள், பார்ட்டி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துவிடுகிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் குரூப்பில் ஒன்றைக் கவனிக்கிறேன். எல்லோரும் லீஸ், லீஸ் என்று பறக்கிறீர்கள். 'லீஸ் பார்ட்டி ரெடி, இன்றே சாவி.' லீசில் கமிஷன் நன்றாக நிற்கும், எனக்குத் தெரியாதா? அதனால்தான் லீஸைப் பற்றியே சொல்கிறேன்.

மலரைப் புரட்டுகிற உங்கள் வீட்டாருக்கும் புரியட்டும். லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். காலி பண்ணும்போது அதே தொகை திரும்பி வரும். குடியிருப்பவர் ஓசியில் இருந்ததாக நினைத்துக்கொள்வார், வீட்டுக்காரர் வட்டியில்லாமல் பணம் கிடைத்ததாக நினைத்துக்கொள்வார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிற ஒரே பத்திரம் இதுதான்.

விலைவாசி ஏறினால் எல்லோருக்கும்தான் ஏறுகிறது, எல்லோரும் ஒன்றாக நனைகிறோம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சேலையூரில் ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் கடன் என்றாலே காய்ச்சல் வரும். ரிட்டயர்மென்ட் பணத்தை முழுசாக பேங்கில் போட்டுவிட்டு, வட்டியில் காய்கறி வாங்கினார். எதிர்வீட்டுக்காரர் கழுத்துவரை கடன் வாங்கி இரண்டு மாடி எழுப்பினார். 'இவன் நாண்டுக்கிட்டுத்தான் சாகப்போறான்' என்று முன்னவர் என்னிடமே சொன்னார். வருஷங்கள் போயின. கடன்காரரின் மாதத் தவணை அன்றைக்கு இருந்த அதே தொகைதான். மாடி வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போய் அந்தத் தவணையை விழுங்கிவிட்டது. பேங்கில் போட்டவர் தக்காளி விலையைக் கேட்டுவிட்டுப் பையை மடித்துக்கொண்டு திரும்புகிறார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. விலைவாசி ஏற ஏற, கடன் வாங்கியவருக்குக் கடன் தேய்கிறது, காசு கொடுத்துவைத்தவருக்குக் காசு தேய்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

லீசுக்கு வருகிறவர் இதில் எந்தப் பக்கம், சொல்லுங்கள்? அவர் குடித்தனக்காரர் இல்லை. வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்கிறவர். அது அவருக்கே தெரியாது.

எனக்குத் தொழில் பழக்கிவிட்டவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். 'சாவி மாறுற அன்னிக்கு புரோக்கர் வாயில பூட்டு இருக்கணும்' என்பார். லீஸில் சாவி மாறுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பழையவருக்குத் திருப்பித் தர வீட்டுக்காரர் கையில் பணம் இருக்காது, அது எப்போதோ செலவாகியிருக்கும். புதிதாக வருகிறவர் கொண்டுவரும் பணத்திலிருந்துதான் பழையவருக்குப் போகும். அதனால் மூன்று தரப்பும் ஒரே நாளில், ஒரே ஹாலில் கூட வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் தும்மினால்கூட எல்லாம் கலைந்துவிடும். அதனால் பேசாதே என்றார். நல்ல மனிதர், நல்ல சட்டம். அதை நான் ஒரு வெள்ளிக்கிழமை மீறினேன்.

வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். இந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். அப்பா காலத்தில் விவசாயம், இவர் காலத்தில் வாடகை. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் அவருக்குக் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. மேல் வீட்டில் நூருன்னிசாவும் அவள் கணவர் ஜாபரும் ஒன்பது வருஷமாக இருந்தார்கள். ஜாபர் ஏசி மெக்கானிக். வெளிநாட்டில் சம்பாதித்துக்கொண்டு வந்த பணம், நூருன்னிசா தன் நகையை விற்ற பணம், இரண்டையும் சேர்த்து எட்டு லட்சத்தைத் தணிகாசலத்திடம் கொடுத்து லீசுக்கு வந்தவர்கள். அப்போது குடிவைத்தது வேறொரு புரோக்கர். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதே எட்டுக்குப் பத்திரத்தைப் புதுப்பித்துக்கொண்டார்கள். தண்ணி லாரிக்குக் காசு யார் கொடுப்பது என்றுகூட அவர்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அப்படி ஒரு சுமுகம்.

அந்த வருஷம் தணிகாசலத்துக்குப் பணம் தேவைப்பட்டது. மகன் கடை வைக்கிறான். மேல் வீட்டுக்கு இப்போது பதினெட்டு லட்சம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், உண்மைதான், வரும். பார்ட்டி பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கிற ஒரு ஜோடி கிடைத்தது. எனக்கு ஒரு வாரத்து வேலைதான்.

அடுத்த நாளே நூருன்னிசா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அக்கா, எங்களுக்கும் ஒரு வீடு பாருங்க. எட்டு கைக்கு வந்துடும். பொண்ணு பன்னெண்டாவது, ஸ்கூல் பக்கத்துலயே இருக்கட்டும்" என்றாள். அவள் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. பணம்தான் முழுசாக வருகிறதே!

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து அவளைச் சுற்றிக் காட்டினேன். சேலையூரில் எட்டு என்றதும் வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ராஜகீழ்ப்பாக்கத்தில் பின்பக்கத்து ஒற்றை அறைக்கே பத்து கேட்டார்கள். மேடவாக்கத்தில் காவலாளியே கேட்டைத் திறக்கவில்லை. பொத்தேரிக்கும் அப்பால், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே ரொம்ப தூரத்தில், சுவரில் ஈரம் ஊறுகிற ஒரு வீடு மட்டும் எட்டுக்கு அமைந்தது. அங்கிருந்து அந்தப் பெண் பள்ளிக்கூடம் வந்து போவதென்றால் படிப்பதற்கு நேரமே இருக்காது. திரும்பி வரும்போது கேம்ப் ரோடு சிக்னலில் நின்றோம். நூருன்னிசா பின்சீட்டிலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"அக்கா, எட்டு லட்சம்தானே குடுத்தோம். எட்டு லட்சம்தானே வருது. அப்ப எங்க போச்சு?"

சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என் வீட்டுக்கு வந்து, என்னோடு சாப்பிட்டு, என்னோடு படுத்தது. யாராவது திருடியிருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். இங்கே திருடியவன் இல்லை. பணம் மட்டும் போயிருக்கிறது!

சாவி மாறும் நாள் வெள்ளிக்கிழமை என்று முடிவானது. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார் தணிகாசலம். ஜாபருக்கு மதியம் ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் அவசரம். புது ஜோடி காரிலேயே இருந்தார்கள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டபடியே இரண்டு பேங்க் டிராஃப்டாக எடுத்துவந்திருந்தார்கள். ஒன்று நூருன்னிசா பேரில் எட்டு, இன்னொன்று தணிகாசலம் பேரில் பத்து. "ஆன்ட்டி, நீங்களே மேல போய் முடிச்சிட்டு சாவி கொண்டு வந்துடுங்க, ப்ளீஸ்" என்று என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மாடிப்படி ஏறும்போது இரண்டையும் பையில் வைத்திருந்தேன். எட்டு ஒருத்திக்கு, பத்து ஒருத்தருக்கு. பத்துக்காரருக்கு வீடும் அப்படியே இருக்கும். எட்டுக்காரிக்குப் பொத்தேரிக்கு அப்பால் ஈரச் சுவர். இந்தக் காகிதம் மேசைக்குப் போய்விட்டால் பிறகு யார் பேசினாலும் அது வெறும் புலம்பல். பேசுவதானால் அதற்கு முன்னால் பேச வேண்டும். ஆனால் என் கமிஷனும் அதே பைக்குள்தானே இருந்தது!

ஹாலில் சாமான்கள் கட்டி வைத்திருந்தார்கள், ஜாபர் கடைசி மூட்டைக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். நூருன்னிசா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். தணிகாசலம் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா மேகலா, நின்னுகினே கீற? டிராஃப்ட எடு. நேரமாவுதில்ல?"

நான் பையைத் திறக்கவில்லை. "அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இந்த எட்டை வச்சுக்கிட்டு இவங்களுக்கு இதே தெருவுல என்ன கிடைக்கும்?" என்றேன்.

"அத இன்னாத்துக்கு என்னாண்ட கேக்கற? நீதான புரோக்கரு?"

"நான் தேடிட்டேன் அண்ணா. ஒரு ரூம்கூட கிடைக்கல. அதான் உங்களைக் கேக்கறேன்."

அவர் முகம் சிவந்தது. கோபம்கூட இல்லை, அவமானம். "குடுத்தது எட்டு, தர்றது எட்டு. நயா பைசா கொறச்சனா? சுண்ணாம்பு அடிக்க, பைப்பு மாத்தன்னு ஒரு ரூபா புடிச்சனா? இந்தத் தெருவுல எவன் அப்டி குடுக்கறான், சொல்லு பாப்போம்! ஒம்போது வருசம் வாடக இல்லாம குந்திகினு இருந்தாங்களே, அது கணக்குல வராதா?"

அவர் சொன்னது நியாயம்தான். இதை நீங்கள் மறக்கக் கூடாது. ஒன்பது வருஷ வாடகையைக் கூட்டினால் அதுவும் சின்னத் தொகை இல்லை. நானும் ராத்திரியெல்லாம் கூட்டிப் பார்த்தவள்தான். பேங்கில் போட்டிருந்தாலும் வட்டியை வாடகை தின்றிருக்கும். ஆனால் மறுபக்கமும் பாருங்கள். அந்த எட்டு லட்சமும் அவள் விற்ற நகைபோலத் தங்கமாகவே இருந்திருந்தால், வாடகை கொடுத்ததுபோகவும் இன்றைக்கு எட்டுக்கு மேலேயே நின்றிருக்காதா? ஒரு பக்கம் பார்த்தால் அவர் சரி, இன்னொரு பக்கம் பார்த்தால் அவள் சரி. இப்படி இரண்டு பக்கமும் சரியாக இருக்கிற இடத்தில்தான் புரோக்கருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நூருன்னிசா மெதுவாகச் சொன்னாள். "வாடகை இல்லாம இருக்கோம்னுதான் சார் நாங்களும் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தோம். எட்டு இருக்குன்ற தைரியத்துல வேற எதுவும் சேக்கல."

தணிகாசலம் கெட்டவர் இல்லை. அவள் அப்படிச் சொன்னதும் அவர் மனசு இறங்கிவிட்டது. "சரி, பொண்ணு படிக்கிது. என் பத்துலேர்ந்து ரெண்டு எடுத்துக்கோங்க. நானா குடுக்கறன்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஜாபர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"வேணாம் சார். குடுத்ததுக்கு மேல வாங்கினா அது வட்டி மாதிரி. எங்க மார்க்கத்துல ஆகாது."

"யோவ், வட்டின்னு யாருய்யா சொன்னா? அன்பளிப்புன்னு வச்சிக்கயேன்."

"பேரை மாத்தினா ஆச்சா சார்? என் மனசு ஒப்பல."

நூருன்னிசா அவரை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், நானாக இருந்தால் பஸ்ஸேறியிருப்பேன். ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம், நான் மூக்கை நுழைக்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்ட்டியின் பணத்தைப் பற்றிப் பேசலாம், அவர்கள் மனசுக்குள் கை வைக்கக் கூடாது.

தணிகாசலத்துக்கு இப்போது நிஜமாகவே எரிச்சல் வந்துவிட்டது. கொடுத்தும் வாங்க மாட்டேன் என்கிறார்கள், ஆனால் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள். எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாமோ ஏமாத்துனவன பாக்கற மாரி பாக்கறீங்க! நான் இன்னா பண்ணன்? எங்கப்பா மாடம்பாக்கத்துல ஏரியோரமா கழனி வச்சிருந்தாரு. வித்தாரு. அன்னிக்கு அது மல மாரி காசு. பேங்குல போட்டாரு. வட்டிய துன்னாரு, மொதல தொடவே இல்ல. கடசீல அந்த மலைய வச்சி ஒரு மோட்டார் பைக்குகூட வாங்க முடியல. அன்னிக்கு முடிவு பண்ணன் மேகலா. காச காசா வச்சிக்கவே கூடாது. கைக்கு வந்தா மண்ணுல போடு. இவங்க எட்டையும் மண்ணுலதான் போட்டன். அது ஏறிச்சி. இவங்களும் போட்டிருக்கலாம் இல்ல? நானா வேணாம்ன்னன்?"

"எங்க எட்டு உங்ககிட்டதானே சார் இருந்துச்சு" என்றாள் நூருன்னிசா. "நாங்க எதை வச்சு மண்ணு வாங்கறது?"

அவள் இரண்டடி முன்னால் வந்தாள். அவள் குரல் உயரவில்லை, ஆனால் கையிலிருந்த சாவி சத்தம் போட்டது.

"காசை காசா வச்சிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுது. அப்பறம் எனக்கு மட்டும் ஏன் சார் காசா தர்றீங்க? எனக்கும் வேணாம். மண்ணாவே குடுங்க. எட்டு லட்சத்துக்கு."

தணிகாசலம் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அப்படி. "மண்ணு இன்னிக்கு இன்னா வெல விக்கிது, தெரியுமாம்மா உனக்கு?"

"மண்ணுக்கு இன்னிக்கு விலை சொல்றீங்க. என் காசை மட்டும் ஒம்பது வருஷத்துக்கு முந்தி எண்ணின மாதிரியே எண்ணித் தர்றீங்களே, அது எந்த ஊர் நியாயம்?"

என் போன் அடித்தது. கீழே காரிலிருந்து, புது ஜோடியில் அந்தப் பெண். "ஆன்ட்டி, இன்னும் எவ்ளோ நேரம்? பாப்பா எழுந்துட்டா. மேடவாக்கத்துல இன்னொரு ஓனரும் வெயிட் பண்றார், சொல்லிடுங்க."

இதுதான் அந்த நிமிஷம். தம்பிகளே, தங்கைகளே, இதற்கு வகுப்பு எடுக்க முடியாது. டிராஃப்டை மேசையில் வைத்தால் எல்லாம் சட்டப்படி சுபம், எனக்குக் கமிஷன், ராகுகாலத்துக்கு முன்னால் பால் காய்ச்சலாம். வைக்காவிட்டால் பார்ட்டி போய்விடும், தணிகாசலம் என் முகத்தில் முழிக்க மாட்டார், நூருன்னிசாவுக்கு அந்த எட்டுகூட அன்றைக்குக் கைக்கு வராது. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று கெடுத்துவிட்டால்? நான் அவளைத்தான் பார்த்தேன். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாவி அவள் கையில் இருக்கிறவரைக்கும்தான் அந்த ஹாலில் அவள் பேச்சுக்கு மதிப்பு. அதைக் கொடுத்துவிட்டால் அவள் யாரோ. படியிறங்கிவிட்டேன்.

காரில் இருந்தவர்களிடம் இரண்டு டிராஃப்டையும் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கு முடியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது என்றேன். அந்தப் பையன் இங்கிலீஷில் திட்டினான், திட்டட்டும், நியாயம்தானே? நான் அதோடு நிறுத்தவில்லை. வேறு எங்கே லீசுக்குப் போனாலும் வாடகை மிச்சம் என்று நினைக்காதீர்கள், வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுங்கள், மிச்சமாகிற வாடகையை மாதாமாதம் எடுத்து வேறு எங்காவது வையுங்கள் என்றேன். அந்தப் பெண் மட்டும் கண்ணாடியை ஏற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கார் போய்விட்டது.

மேலே போனால் தணிகாசலம் கத்தினார். "நாக்குல சனி குந்தியிருக்குது உனக்கு! என் பையனுக்கு இன்னா பதில் சொல்லுவன்?" என்று இறங்கிப் போய்விட்டார். நூருன்னிசா கட்டி வைத்த மூட்டைகள்மேல் உட்கார்ந்து அழுதாள். ஜாபர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். ஒருவரும் என்னை வாழ்த்தவில்லை. அந்த நாட்களில் நான் தூங்கியதாக நினைவில்லை. போன் அடித்தால் திடுக்கென்று இருக்கும், அடிக்காவிட்டாலும் திடுக்கென்று இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து தணிகாசலமே கூப்பிட்டார். "மாடம்பாக்கத்துல ஊருக்குள்ள நத்தம் எடத்துல ஒரு துண்டு கீது. குறுகலு. மூஞ்சிக்கு நேரா கரண்டு கம்பம். எந்த பில்டரும் சீந்த மாட்டான். ஆனா பட்டா கீது, சுத்தமான எடம். இன்னிக்கு வெலைக்கு எட்டுக்கு மேலயே போவும். எட்டுக்கே எழுதிக் குடுக்கறன். அந்தாளுக்கு இது ஓகேவான்னு கேளு. வட்டி கிட்டின்னு ஆரம்பிச்சான்னா செருப்பால அடிப்பன்" என்றார்.

நத்தம் என்றால் பழைய கிராமத்துக் குடியிருப்பு மனை. ஜாபரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "வித்து வாங்கறதுல குத்தம் இல்லக்கா. விக்கிறவர் மனசார விலை சொன்னா சரி" என்றார். நூருன்னிசா பேரிலேயே பத்திரம் பதிந்தது. எட்டு லட்சம் அதில் கழிந்தது. அவர்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டு பேரும் வயிற்றைக் கட்டி, பெண் பரீட்சை எழுதி முடித்தபின், அந்தத் துண்டில் சிமென்ட் ஷீட் போட்டு ஓர் அறை எழுப்பிப் போய்விட்டார்கள். மழைக்கு ஒழுகுகிறது. வெயிலில் உள்ளே நிற்க முடியாது. ஆனால் நூருன்னிசா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பக்கத்து மனை என்ன விலைக்குப் போச்சு தெரியுமாக்கா?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். தணிகாசலத்துக்கும் நஷ்டமில்லை. காலியான மேல் வீட்டுக்கு வேறொரு புரோக்கர் பதினெட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார். பதினெட்டும் முழுசாக அவருக்கே.

எனக்கு? அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் வீட்டுக்காரர்கள் யாரும் என்னை லீசுக்குக் கூப்பிடவில்லை. 'அது குடித்தனக்காரங்களத் தூண்டி விடும்' என்று பேர். வாடகை வீடுகளை வைத்துத்தான் மீதிக் காலத்தை ஓட்டினேன். அது போகட்டும். எனக்கு ஆறாதது வேறு. அவளுக்கு ஒரு துண்டு மண் கிடைத்தது, ஏனென்றால் அவள் வீட்டுக்காரருக்கு ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதே கேம்ப் ரோட்டில் இன்னும் எத்தனை மாடிகளில், எத்தனை பேர், பணம் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள்? அவர்களை அங்கே குடிவைப்பது நாம்தானே? குடிவையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, நமக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் கையெழுத்துக்கு முன்னால், வீட்டுக்காரரும் கேட்கும்படி, நீங்கள் கொடுப்பது கடன் என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். புதுப்பிக்க வரும்போது, இந்தப் பணத்துக்கு இன்றைக்கு இந்தத் தெருவில் என்ன கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள். படட்டும்.

பத்திரம் பதிந்த அன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம், நானும் தணிகாசலமும் மட்டும். ஜாபரும் நூருன்னிசாவும் உள்ளே கைரேகை வைத்துக்கொண்டிருந்தார்கள். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "அண்ணா, அன்னிக்கு அவ்ளோ கத்தினீங்க. அப்பறம் ஏன் குடுத்தீங்க? பயந்துட்டீங்களா, சாவி தர மாட்டாங்கன்னு?"

"சாவிய எப்டி வாங்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். மீதி டீயைக் கீழே ஊற்றினார்.

"அப்பா கடசி காலத்துல ஒரு நாள், எங்க கழனிய வாங்குனான் பாரு, அவனாண்ட என்னையும் இட்டுகினு போனாரு. 'நீ குடுத்த காசு அத்தினியும் பேங்குல பத்திரமா கீதுப்பா, மொத்தமா எடுத்துக்க, அர கிரவுண்டு மட்டும் திருப்பிக் குடு, பேரனுக்கு ஒரு வூடு கட்டணும்'ன்னாரு. அவன் கெட்டவன் இல்ல மேகலா. ஒக்கார வச்சி கலரு சோடா வாங்கிக் குடுத்தான். ஆனா சிரிச்சான். அந்தச் சிரிப்ப நான் மறக்கவே இல்ல, அவன எத்தினி நாள் திட்டிகினு கெடந்தன் தெரியுமா? அன்னிக்கு ஹால்ல அந்தம்மா மண்ணு குடுன்னு கேட்டப்ப சிரிச்சன் பாரு, வூட்டுக்குப் போயி படுத்தப்பறந்தான் ஒறச்சிது. அதே சிரிப்பு. என் வாயிலேர்ந்து வந்துச்சி."